பச்சை வளையமும் பச்சைப் பொய்யும்

தமிழில் 'மலர்வளையம்' என்றால் ஒரே ஒரு காட்சிதான் நினைவுக்கு வரும். தலைவர் ஒருவர் இறந்த மறுநாள் செய்தித்தாளில் தவறாமல் வரும் வரி... "மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினார்." அதனால்தான் டிசம்பர் மாதத்து அமெரிக்கப் படங்களில், வீட்டு வாசற்கதவில் வட்டமாக ஒரு பச்சை வளையம் தொங்குவதை முதன்முதலாகப் பார்க்கிற தமிழ் ஆளுக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கும். யாராவது போய்விட்டார்களா என்ன?

யாரும் போகவில்லை. அது கிறிஸ்துமஸ் வளையம். சாவுக்கு வைப்பதற்கும் பண்டிகைக்கு மாட்டுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான், 'ரீத்'. தமிழ் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் என்ன வேலை செய்கிறதோ அதே வேலையை அங்கே இந்த வளையம் செய்கிறது. "வீட்டில் விசேஷம், உள்ளே வாருங்கள்" என்று தெருவுக்குச் சொல்வது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தத் 'திக்' முழுக்கத் தப்பும் இல்லை. அந்தக் கதவுகளில் பெரும்பாலானவற்றில் ஒன்று நிஜமாகவே செத்துத்தான் தொங்குகிறது. கையால் செய்யும் பழக்கம்! அதைக் கொன்றவர்களே அதற்கு மலர்வளையமும் வைத்து, பில்லும் போட்டு, மேலே 'ஹேண்ட்மேட்' என்று ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் சண்டை அந்த ஸ்டிக்கரோடுதான்.

சக்கரத்தில் ஏற்றிய விளக்கு

கொஞ்சம் பழைய கதை. 1833-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், ஏழைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் ஆரம்பிக்கப்பட்டது. பெயர் ரவுஹெஸ் ஹவுஸ். ஆரம்பித்தவர் யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன், இறையியல் படித்தவர். டிசம்பர் நெருங்கினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். "கிறிஸ்துமஸ் எப்போ? இன்னும் எத்தனை நாள்?" என்று ஒரே நச்சரிப்பு. 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதன்மேல் மெழுகுவத்திகளை நட்டார். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சின்ன சிவப்பு மெழுகுவத்தி. தினம் ஒன்றாக ஏற்ற வேண்டியது. எத்தனை மிச்சம் என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள். பச்சைக் கிளைகளைச் சுற்றும் வழக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. நாளடைவில் சக்கரம் சின்ன வளையமானது, மெழுகுவத்தி நான்கானது. இன்று கத்தோலிக்கக் கோயில்களில் திருவருகைக் காலத்தில் வைக்கிற, மூன்று ஊதா ஒரு ரோஸ் மெழுகுவத்தி கொண்ட வளையத்தின் தாத்தா இந்த வண்டிச் சக்கரம்தான்.

வாசற்கதவில் மாட்டுகிற வளையத்துக்கு இது ஒன்றே மூலம் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் பச்சைக் கிளைகளால் வீட்டை அலங்கரிப்பது கிறிஸ்துமஸை விடப் பழைய பழக்கம். ரோமானியர்கள் டிசம்பரில் கொண்டாடிய சாட்டர்னேலியா திருவிழாவிலேயே உண்டு. ஆனால் இரண்டிலும் ஒரு பொது விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எதுவும் கடையில் வாங்கியது கிடையாது. விஷர்ன் எடுத்தது பழைய சக்கரம். வடக்கு ஐரோப்பியக் குடியானவன் ஒடித்தது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மரத்தின் கிளை. இருப்பதை வைத்து இல்லாததைக் கொண்டாடுவதுதான் இந்த வளையத்தின் சூட்சுமமே. வெளியே எல்லா மரமும் மொட்டையாக நிற்கிற பனிக்காலத்தில் ஃபர், பைன், ஹாலி, ஐவி என்று நாலைந்துதான் பச்சையாக இருக்கும். அதனால் அதை ஒடித்துக் கட்டினார்கள். அவ்வளவுதான் ரகசியம். ஃபர் மரத்துக்கு வேறு மந்திர சக்தி எதுவும் இல்லை.

இதற்குச் சாட்சி அமெரிக்காவிலேயே இருக்கிறது. ஃபர் விளையாத தென் மாநிலங்களில் மக்னோலியா மரத்தின் தடித்த பளபள இலையில் வளையம் கட்டுவார்கள். நியூ மெக்சிகோவில் காய்ந்த சிவப்பு மிளகாயைக் கோத்து வளையம் செய்வார்கள். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரத்தில் ஆப்பிள், எலுமிச்சை, அன்னாசி எல்லாம் வைத்துக் கட்டுவார்கள். (அது 18-ம் நூற்றாண்டு வழக்கம் என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் 1930-களில் ஆரம்பித்த வழக்கம். அந்தக் காலத்தில் யார் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அன்னாசியைக் கதவில் ஆணி அடித்து மாட்டுவார்கள்?) ஊருக்கு ஊர் வளையம் வேறு. அந்தந்த மண்ணில் என்ன கிடைக்கிறதோ அதுதான் சரக்கு.

கணக்குப் போடலாமா?

ஒரு வளையம் செய்ய என்ன வேண்டும்? வட்டமாக வளைகிற ஏதாவது ஒன்று: காட்டுத் திராட்சைக் கொடியோ, வில்லோ மரத்துக் குச்சியோ, துணி மாட்டும் பழைய கம்பி ஹேங்கரோ. பிறகு மெல்லிய கட்டுக்கம்பி ஒரு சுருள். பிறகு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய கிளைகள். ஐந்தாறு கிளையைச் சேர்த்து ஒரு சின்னக் கொத்து. கொத்தை வட்டத்தின்மேல் படுக்க வைத்துக் கம்பியால் இரண்டு மூன்று சுற்று. அடுத்த கொத்து முந்தையதன் காம்பை மறைக்கிற மாதிரி, அதே திசையில். கம்பியை நடுவில் வெட்டவே கூடாது. பூக்காரம்மா நாரை அறுக்காமல் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்தின் தலைக்கு அடியில் செருகிவிட்டால் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியாது. பழக்கம் இல்லாதவருக்கு ஓர் ஒன்றரை மணி நேரம், பழகிவிட்டால் அரை மணி.

செலவு? ஹேங்கர் வீட்டில் கிடப்பது. கம்பிச் சுருள் ஒன்று வாங்கினால் பல வருஷத்துக்கு வரும். கிளை? கிறிஸ்துமஸ் மரம் விற்கிற கடைகளில் மரத்தின் அடிக்கிளைகளை வெட்டிக் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டால் பல கடைகளில் சும்மாவே கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு அது குப்பை. ஆக மொத்தம் மூலப்பொருள் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். காஸ்ட் ஷீட் போட்டால் உழைப்பு என்ற ஒரே வரிதான் மிஞ்சும்.

இப்போது வியாபாரியின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூலப்பொருள் இலவசம், செய்முறை சுலபம், ரகசியம் எதுவும் இல்லை. இந்த மாதிரி ஒரு பொருளை எப்படி விற்பது? வழி இரண்டுதான். ஒன்று, 'இதெல்லாம் செய்ய நேரம் ஏது?' என்று ஜனங்களை நம்ப வைத்து, செய்து முடித்ததை விற்க வேண்டும். இல்லாவிட்டால் 'செய்வதற்கும் இதெல்லாம் வாங்க வேண்டும்' என்று நம்ப வைத்து, செய்முறையையே விற்க வேண்டும். வியாபார உலகம் இரண்டையும் கச்சிதமாகச் செய்து முடித்துவிட்டது.

முதல் பொய்: பிளாஸ்டிக் பச்சை

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் யிவூ என்று ஓர் ஊர். சின்னச் சாமான்களின் மொத்த வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். உலகத்துக் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்களில் பாதிக்கு மேல் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது என்று பரவலாகச் சொல்வார்கள். அங்கே டிசம்பர் என்பது கோடைக்காலத்திலேயே வந்துவிடும். கப்பல் ஏற வேண்டுமே!

பிளாஸ்டிக் வளையத்தின் தொழில்நுட்பம் ரொம்ப எளிது. பச்சை பி.வி.சி. தாளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்து முறுக்கினால் நாலாபக்கமும் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பாட்டில் கழுவுகிற பிரஷ் செய்வதும் இதே முறைதான். ஆக, கதவில் தொங்குவது பச்சைச் சாயம் பூசிய பாட்டில் பிரஷ். பிளாஸ்டிக்கும் இரும்பும் பின்னிப் பிணைந்து கிடப்பதால் பழைய பேப்பர்காரர்கூட வாங்கமாட்டார். கடைசியில் குப்பைமேடுதான் கதி.

இங்கே ஒரு எதிர்வாதம் கிளம்பும். "ஒரு தடவை வாங்கினால் பத்து வருஷம் மாட்டலாமே, அது மிச்சம் இல்லையா?" நியாயமான கேள்வி. மரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து எல்லிப்சோஸ் நிறுவனம் 2009-ல் செய்த ஆய்வின்படி, செயற்கைக் கிறிஸ்துமஸ் மரத்தை 20 வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டால்தான் அது நிஜ மரத்தை விடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது. அதற்கு அடுத்து, செயற்கை மர விற்பனையாளர்களின் சங்கம் செய்யச் சொன்ன ஆய்வில் சில வருஷமே போதும் என்று வந்தது. யார் செலவில் நடந்த ஆய்வு என்று பார்த்துவிட்டு முடிவைப் படிக்க வேண்டும் என்பது ஆடிட்டிங் வகுப்பின் முதல் பாடம். சரி, அந்தச் சண்டையை விட்டுவிடலாம். நிஜமாகவே ஒரே பிளாஸ்டிக் வளையத்தை 20 வருஷம் தூசி தட்டி மாட்டுகிற குடும்பம் இருந்தால் அவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கடைக்காரனின் பிழைப்பு அவர்களால் நடக்காது. 'இந்த வருஷத்து நிறம்', 'இந்த வருஷத்து தீம்' என்று வருஷா வருஷம் விளம்பரம் வருவதே, போன வருஷத்து வளையத்தைப் பார்த்து வெட்கப்பட வைப்பதற்குத்தான். ரொம்ப நாள் உழைக்கும் என்று சொல்லி விற்பார்கள், அடுத்த வருஷமே மாற்றச் சொல்வார்கள். இரண்டையும் சொல்வது ஒரே வாய்.

இரண்டாவது பொய்: 'ஹேண்ட்மேட்'

முதல் பொய்யாவது பரவாயில்லை. பிளாஸ்டிக், பிளாஸ்டிக் என்று கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது பொய் நுணுக்கமானது. இதற்குப் பெயர் கிட்.

ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ரெடிமேட் வட்டம், ரெடிமேட் இலைக்கொத்து, ரெடிமேட் செர்ரிப் பழம், ரெடிமேட் ரிப்பன் முடிச்சு, பசைக்குழல். படம் போட்ட காகிதத்தில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று வழிமுறை. வாங்குகிறவர் செய்ய வேண்டியது, சொன்ன இடத்தில் சொன்னதை ஒட்ட வேண்டியது. அரை மணியில் முடிந்தது. 'நானே செய்தேன்' என்று போட்டோ எடுத்துப் போட்டாகிவிட்டது. ஒரே மாதிரி ஆயிரம் வீட்டில் ஆயிரம் 'நானே செய்தேன்'!

இது ஏன் விற்கிறது என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி ஆகிய மூவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் 'ஐகியா விளைவு' என்று ஒன்றைச் சொன்னார்கள். ஆட்களைப் பெட்டி பூட்டச் சொன்னார்கள், காகிதக் கொக்கும் தவளையும் மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் தங்கள் கோணல் மாணல் கொக்குக்கு, கைதேர்ந்தவர் மடித்த கொக்குக்குக் கிட்டத்தட்டச் சமமான மதிப்புக் கொடுத்தார்கள். தன் கை பட்டதும் பொருளின் மதிப்பு மனசில் ஏறிவிடுகிறது. அதிலும் வேலையை முடித்திருந்தால்தான் ஏறுகிறது, பாதியில் விட்டால் இல்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று தமிழ்ப் பாட்டிகள் எந்த ஆய்வும் செய்யாமலே சொன்னதுதான் :-)

வியாபாரி இதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பானா? ஆளைத் தோற்கவே விடக்கூடாது, அதே சமயம் செய்த மாதிரி ஒரு நினைப்பும் வர வேண்டும். கிட் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த புள்ளி. உழைப்பின் அளவைக் குறைத்து, உழைத்த பெருமையை மட்டும் முழுசாக விற்பது. மூலப்பொருளுக்கு விலை இல்லாத இடத்தில் பெருமைக்கு விலை போட்டார்கள்.

'ஹேண்ட்மேட்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் இதேதான். 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் எட்ஸி என்ற இணையச் சந்தை தொடங்கியது. கைவினைஞர்கள் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்கலாம் என்பதுதான் அதன் கொள்கை. 2013-ல் விதியை மாற்றினார்கள். விற்பவர் வடிவமைத்தால் போதும், அனுமதி வாங்கிக்கொண்டு வெளி உற்பத்தியாளரை வைத்துச் செய்துகொள்ளலாம். 2015-ல் பங்குச்சந்தைக்கு வந்தார்கள். அதே வருஷம் அமேசானும் 'ஹேண்ட்மேட்' என்று தனிக்கடை திறந்தது. பங்குதாரருக்குக் காலாண்டுக்குக் காலாண்டு வளர்ச்சி காட்ட வேண்டும். ஆனால் ஒரு மனிதருக்கு இரண்டு கைதான். அடுத்த காலாண்டில் மூன்றாவது கை முளைக்காது. அப்புறம் மாறக்கூடியது 'கை' என்ற சொல்லின் அர்த்தம் மட்டும்தான். மாறிவிட்டது.

"நேரம்தான் பணம்" என்கிறவர்களுக்கு

காமர்ஸ், எகனாமிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் உடனே கையைத் தூக்குவார்கள். "ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் எங்கே? ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கட்டுவதற்குப் பதில் அந்த நேரத்தில் சம்பாதித்து, வாங்கிவிடலாமே?"

புத்தகத்தில் உள்ள வரையறையை ஒழுங்காகப் படிக்க வேண்டும். கைவிட்ட மாற்று வழிகளில் சிறந்தது எதுவோ அதன் மதிப்புதான் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் கைவிடுவது என்ன? ஓவர்டைமா? பத்தில் ஒன்பது பேருக்கு அது டி.வி., இல்லாவிட்டால் போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பது. அதன் சந்தை விலை எவ்வளவு? அந்தக் கணக்கில் வளையம் கட்டும் நேரம் செலவே இல்லை, வரவு. நிஜமாகவே இரண்டு வேலை பார்த்து, ஞாயிறும் ஷிஃப்டுக்குப் போகிறவரிடம் 'கையால் செய்' என்று யாரும் உபதேசம் பண்ண முடியாது. அவர் கதவு வெறும் கதவாகவே இருக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. அந்த வெறும் கதவைப் பார்த்து அவரைக் குறுகிப்போக வைக்கிற விளம்பரம்தான் குற்றவாளி.

ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1993-ல் 'கிறிஸ்துமஸின் டெட்வெயிட் லாஸ்' என்று ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்ததில், பரிசாக வந்த பொருளுக்கு வாங்கியவர் மனசில் இருக்கும் மதிப்பு, கொடுத்தவர் செலவழித்ததை விடப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு என்று வந்தது. அந்த வித்தியாசம் யாருக்கும் போய்ச் சேராமல் காற்றில் போகிறது. பண்டிகை நாளில் அடுத்த வீட்டுக்கு அலங்கார வளையம் வாங்கிக் கொடுக்கிற வழக்கத்துக்கும் இது பொருந்தும். ஒடித்த கிளையில் கட்டிக் கொடுத்ததில் காற்றில் போக என்ன இருக்கிறது? மிஞ்சிப்போனால் கொஞ்சம் கம்பி.

மெய்ன் மாநிலத்துக் கைகள்

இனிமேல் வருவதுதான் கஷ்டமான கேள்வி. பிளாஸ்டிக்காரனைத் திட்டியாகிவிட்டது, கிட்காரனைத் திட்டியாகிவிட்டது. நிஜமான கிளையில், நிஜமாகவே கையால் வளையம் கட்டிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்களே, எல்லோரும் வீட்டிலேயே செய்துகொண்டால் அவர்கள் கதி?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம். அதன் கிழக்குக் கோடியில் வாஷிங்டன் கவுண்டி. வருமானம் குறைந்த பகுதி. கோடையில் புளூபெர்ரி பறிப்பு, குளிர்காலத்தில் வளையம். இலையுதிர் காலத்தில் சில ராத்திரிகள் நல்ல உறைபனி விழுந்த பிறகுதான் பால்சம் ஃபர் கிளை ஒடிப்பார்கள். அதற்கு முன்னால் ஒடித்தால் ஊசியிலை கொட்டிவிடும். நுனிக்கிளையைக் கையாலேயே முறித்து, ஒரு நீளக் குச்சியில் அடுக்கி, தோளில் சுமந்து வருவார்கள். எடைக்குக் காசு. வளையம் கட்டுகிறவர்களுக்கு எண்ணிக்கைக்குக் காசு. ஊர்க்காரர்கள், பாசமகுவாடி பழங்குடி மக்கள், புளூபெர்ரி பறிக்க வந்து தங்கிவிட்ட மெக்சிகோ, ஹோண்டுராஸ் குடும்பங்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். நவம்பர் முழுக்க விரலில் பிசின் ஒட்டி, கம்பி கிழித்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை.

இவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? இல்லை. இந்தக் கட்டுரையின் சண்டை கையோடு கிடையாது, கையை மறைக்கிறவனோடுதான். செய்யத் தெரியாதவர், முடியாதவர் இந்த மாதிரி வளையத்தை, யார் கட்டியது என்று தெரிந்து வாங்குவது நேர்மையான காரியம். ஒருமுறை தானே கட்டிப் பார்த்தவருக்குத்தான் அதன் சரியான விலையும் தெரியும். ஒன்றரை மணி நேரம் கம்பியோடு மல்லுக்கட்டியவர், "இதுக்கா இவ்வளவு விலை?" என்று பேரம் பேசமாட்டார். மாறாக, "இந்த விலையில் கட்டினவருக்கு எவ்வளவு போச்சு?" என்று கேட்பார். பண்டிகைச் சந்தையில் யாரும் கேட்காத கேள்வி அது. மெய்ன் மாநிலத்துக் கைகளுக்கு எதிரி வீட்டில் கட்டுகிறவர் இல்லை. கையே படாத விலைக்கு 'கையால் செய்தது' என்று பக்கத்து அலமாரியில் தொங்குகிறதே, அதுதான்.

அதற்காகச் செடியும் கிளையும் என்றாலே புண்ணியம் என்று நினைத்துவிடவும் கூடாது. 2018-ல் விஸ்கான்சின் மாநில வேளாண் துறை பெரிய கடைகளில் விற்ற நிஜ வளையங்களில் ஒரு செதில் பூச்சியைக் கண்டுபிடித்தது. வெளிமாநிலத்திலிருந்து கிளையோடு வந்து சேர்ந்தது. பண்டிகை முடிந்ததும் உரக்குழியில் போடாதீர்கள், எரியுங்கள், இல்லையென்றால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. வீட்டில் செய்கிறவர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. ஆசியாவிலிருந்து போன பிட்டர்ஸ்வீட் என்ற கொடியின் ஆரஞ்சு நிறப் பழம் வளையத்துக்கு ரொம்ப அழகு. வளையத்திலிருந்து பறவை கொத்திக்கொண்டு போய் விதை பரப்பி, காட்டு மரங்களை நெரித்துக் கொல்கிறது அந்தக் கொடி. இதிலிருந்து கிடைப்பதும் அதே பழைய பாடம்தான்: பக்கத்தில் வளர்வதை, தெரிந்த செடியை எடு.

சென்னையில் பனி பெய்கிறதா?

கடைசியாகத் தமிழ்நாட்டுக்கு வரலாம். தூத்துக்குடி, நாகர்கோவில், சென்னை சாந்தோம் பக்கமெல்லாம் டிசம்பரில் போய்ப் பார்த்தால் தெரியும். மூங்கில் குச்சியில் கலர் பேப்பர் ஒட்டிச் செய்த நட்சத்திரம், வைக்கோலும் கல்லும் வைத்துக் கட்டிய குடில், கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளை. ஃபர் மரம் கிடைக்காத ஊரில் யார் முதலில் சவுக்கைப் பிடித்தார்களோ, அவர்கள் புத்திசாலிகள். தூரத்தில் பார்த்தால் ஊசியிலை மாதிரியே இருக்கும். (உண்மையில் ஊசி மாதிரித் தெரிவது இலையே இல்லை, மெல்லிய கிளை. இலை கண்ணுக்குத் தெரியாத செதிலாகக் கணுவில் ஒட்டியிருக்கும்.) சவுக்கும் வெளியிலிருந்து வந்த மரம்தான், விறகுக்காகக் கொண்டுவந்து கடலோரம் முழுக்க நட்டது. ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மரம் அதுதானே! ஹாம்பர்க்கின் வண்டிச் சக்கரத்துக்கு உண்மையான வாரிசு கடலோரத்துச் சவுக்குக் கிளைதான். பளபள மாலில் தொங்குகிற, வெள்ளைப் பவுடர் தூவிய பிளாஸ்டிக் வளையம் அந்த வம்சத்திலேயே சேராது.

டிசம்பர் பகலில் 28, 29 டிகிரி அடிக்கிற சென்னையில், பனி விழுந்த மாதிரி வெள்ளைத் துகள் ஒட்டின வளையம் எதற்கு? யிவூவில் செய்து, அமெரிக்கப் பனியை நடித்து, அண்ணா நகர் கதவில் தொங்குகிறது. அந்த வளையத்துக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது.

கிறிஸ்தவர்கள் வீட்டை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. பொங்கல், தீபாவளி, கிரகப்பிரவேசம் எதுவானாலும் வாசலில் தொங்குகிற மாவிலையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். பாதி வீட்டில் பிளாஸ்டிக். வருஷம் முழுக்க வெயிலில் வெளுத்து, தூசி படிந்து, கழற்றப்படாமலே தொங்குகிறது. மாவிலை காய்ந்தால் விசேஷம் முடிந்தது என்று அர்த்தம். காயாத தோரணம் என்றால் என்ன அர்த்தம்? விசேஷம் வரவே இல்லை என்று அர்த்தம்.

முடிவாக, ஒரு தரவரிசை போட்டுவிடலாம். தானே கட்டிய வளையம் முதலிடம், கோணலாக இருந்தாலும் சரி. கட்டியவர் யார் என்று கைகாட்ட முடிகிற வளையத்தை வாங்குவது இரண்டாமிடம். வெறும் கதவு மூன்றாமிடம், கௌரவமான மூன்றாமிடம். பிளாஸ்டிக்கும் கிட்டும் இந்தப் போட்டியிலேயே இல்லை.

கொசுறு: டிசம்பரில் செய்து பார்க்கிறவர்களுக்கு... சவுக்குக் கிளையும் அதன் சின்னக் காய்களும், ஒரு பழைய ஹேங்கரும், மெல்லிய கட்டுக்கம்பியும் போதும். கிளையை மரத்துச் சொந்தக்காரரிடம் கேட்டு ஒடிக்கவும். தினம் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் பசுமை சில நாள் கூட நிற்கும். காய்ந்த கிளைக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம். பண்டிகை முடிந்ததும் கம்பியைப் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டு, கிளையை மண்ணில் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷத்துக்குக் கம்பி தயார், கிளையை மரம் கொடுத்துவிடும்.